அஞ்சு பர்சென்ட் வாய்ப்பாடு

நேற்று சாயங்காலம் என் மகளின் டேப்லெட்டில் ஒரு முயல் அழுதது. எட்டு வயதுக்காரி, ஏழெட்டு எவ்வளவு என்று அது கேட்டதற்கு ஐம்பத்துநாலு என்று தட்டிவிட்டாள். முயல் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டது. அடுத்த நொடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு "ஆல்மோஸ்ட்!" என்று கைதட்டி, அரை நட்சத்திரம் கொடுத்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அரை நட்சத்திரமா? நான் படித்த மெஷினில் ஐம்பத்துநாலுக்கு முழு மரியாதை உண்டு.

"கைக்கு ஹஸ்ரே மம்மி?" என்றாள், ஏன் சிரிக்கிறாய் என்று. நான் தமிழில் பேசினால் அவளுக்குப் புரியும், பதில் மட்டும் இந்தத் தெலுங்கு ஊரின் கலப்பு உருதுவில்தான் வரும். கதையைச் சொல்ல வாயெடுத்தேன். "நக்கோ மம்மி, டைமர்!" என்று, வேண்டாமெனக் கையை உயர்த்திவிட்டாள். சரி, உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு டைமர் ஓடவில்லையே?

சார்ஜில் போட்ட டேப்லெட் சூடாகும்போது ஒரு வாசனை வரும், கவனித்திருக்கிறீர்களா? கொஞ்சம் பிளாஸ்டிக், கொஞ்சம் தூசி. எங்கள் பழைய டிவி சூடானாலும் அதே வாசனைதான், என்ன, பத்து மடங்கு. நான் வளர்ந்த ஏ.எஸ்.ராவ் நகரில் அப்போது எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அதோடு ஈயம் உருக்கி ஒட்டுகிற சால்டரிங் புகையும் கலந்து வரும். சுற்றிலும் எல்லா அப்பாக்களுக்கும் ஒரே எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை. காலையில் ஒரே பஸ், மாலையில் ஒரே பஸ். எந்த வீட்டு ரேடியோ கெட்டாலும் கடைக்குப் போகாது. நாலு அப்பாக்கள் கூடி அதைப் பிரித்து மேய்வார்கள். ரேடியோ சில சமயம் பிழைத்துக்கொள்ளும்.

என் அப்பாவுக்கு இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. அடுத்தவர் செய்ததைச் சரிபார்த்து சீல் குத்துகிற வேலை. அந்தப் புத்தியை அவர் தொழிற்சாலை கேட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் எங்கள் வீட்டில் சண்டையே இருந்திருக்காது. இட்லியைத் திருப்பிப் பார்ப்பார். தைத்து வந்த சட்டையின் பொத்தான் இடைவெளியை ஸ்கேல் வைத்து அளப்பார். "பொண்ணு பாக்க வந்தப்போ என்னையும் அளந்திருப்பாரு, எங்கப்பா பக்கத்துல இருந்ததால விட்டுட்டாரு" என்பாள் அம்மா. அம்மாவுக்கு மதுரை. வாய்க்குக் கேட்கவா வேண்டும்!

நான் ஐந்தாம் வகுப்பு போன வருஷம் அப்பா ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். கம்ப்யூட்டர் என்றால் இப்போது நீங்கள் நினைப்பது இல்லை. வெறும் கீபோர்டு, அவ்வளவுதான். திரைக்கு வீட்டு டிவியைத்தான் பிடித்து மாட்ட வேண்டும். புரோகிராம் எல்லாம் கேசட்டில் இருக்கும். டேப் ரெக்கார்டரில் போட்டுத் தட்டினால் பூனை வாலை மிதித்த மாதிரி ஒரு கத்தல் கத்தும். கத்தி முடித்தபிறகு, அதற்கு மனசிருந்தால், புரோகிராம் ஏறியிருக்கும். நடுவில் அம்மா மிக்ஸியைப் போட்டால் எல்லாம் போச்சு, முதலிலிருந்து கத்தவிட வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வருஷம் முழுக்க ஒரே கேள்விதான்: சட்னியா, வாய்ப்பாடா?

ஏனென்றால் எனக்கு வாய்ப்பாடு வராது. வராது என்றால் சுத்தமாக வராது. ஆறாம் வாய்ப்பாட்டில் பாதி வழியில் மூச்சு வாங்கும். "மெஷின் சொல்லித் தரும்மா. மனுஷன் கோவப்படுவான், மெஷின் கோவப்படாது" என்று சொல்லி அப்பாவே உட்கார்ந்து ஒரு வாய்ப்பாட்டு புரோகிராம் எழுதினார்.

சிக்கல் டிவியில் வந்தது. இருப்பது ஒன்று. அம்மா தெலுங்கு கற்றுக்கொண்டதே அதில்தான். ஞாயிற்றுக்கிழமை தெலுங்குப் படம் அவளுக்குப் பள்ளிக்கூடம். படத்தில் கற்றதைத் திங்கட்கிழமை காய்கறி வண்டிக்காரரிடம் பயன்படுத்துவாள். தக்காளி விலையைச் சொன்னவரைப் பார்த்து, கோர்ட்டில் கதாநாயகி வில்லனைக் கேட்கிற தோரணையில், "நிஜம் செப்பு!" என்று ஒரு நாள் அதட்டியதும் அந்த மனிதர் தராசைக் கீழே வைத்துவிட்டார். இப்போது நான் டிவியைப் பிடித்துக்கொண்டதும் அம்மாவின் படிப்பு பாதியில் நின்றது.

கொஞ்ச நாள் பொறுத்தாள். பிறகு தீர்ப்பு சொன்னாள். "அரைப் பரீட்சை வரைக்கும் பாப்பேன். கணக்குல இவ பாஸானா கம்ப்யூட்டர் பெட்டி இங்க இருக்கட்டும். இல்லைன்னா பரண்ல ஏறிரணும். அப்புறம் ஞாயித்துக்கிழமை டிவி எனக்கு." அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சரி" என்றார். தன் புரோகிராம்மீது அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

நம்பிக்கை இருக்காதா பின்னே! தொழிற்சாலை பாணியில் எழுதியது. சரியான விடை தட்டினால் 'அக்செப்டெட்' என்று வரும். தப்பென்றால் 'ரிஜெக்டெட்'. இருபது கணக்குத் தேறினால், என்னுடைய பழைய ரப்பரை முக்கோணமாக வெட்டி அப்பா செய்து வைத்த சீல், நீல மையில் தோய்ந்து, மணிக்கட்டில் பதியும். "மை காயட்டும், தொடாத" என்பார் ஒவ்வொரு தடவையும். எனக்குக் கம்ப்யூட்டரை விட அந்த முக்கோணத்தின்மேல்தான் ஆசை. எனக்கு மட்டுமா? பக்கத்து வீட்டு ஸ்வப்னா வந்தாள், அவள் தம்பி வந்தான், பிறகு தெருவே வந்தது. வாசலில் செருப்பு குவிந்தது. அம்மா அதைத் தாண்டித் தாண்டி உள்ளே வந்து அப்பாவை முறைப்பாள்.

ஒரு நாள் ஸ்வப்னா ஏழெட்டுக்குக் கை தவறி ஐம்பத்தைந்து என்று அடித்துவிட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். திரையில் 'அக்செப்டெட்' வந்தது.

"தப்பு கூட கரெக்டேனா?" என்றாள் கண் விரிய.

அதாவது தப்புகூடச் சரிதானா என்று. எனக்கும் ஆச்சரியம்தான். ஆனால் மெஷினே சொல்கிறபோது நாம் யார் மறுப்பதற்கு? மறுபடி ஐம்பத்துநாலு அடித்துப் பார்த்தோம். அதுவும் அக்செப்டெட்.

விஷயம் இதுதான். டாலரன்ஸ் இல்லாத வரைபடத்தில் அப்பா வாழ்நாளில் கையெழுத்துப் போட்டதில்லை. எந்தப் பொருளும் சொன்ன அளவுக்கு அச்சு அசலாக வராது, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் மன்னித்து வாங்கிக்கொள்ள வேண்டும், அந்த மன்னிப்புக்கும் ஓர் அளவு உண்டு, அதுதான் டாலரன்ஸ். வாய்ப்பாட்டுக்குச் சோதனை எழுத உட்கார்ந்ததும் கை பழக்கத்தில் அதிலும் ஐந்து சதவீதம் போட்டுவிட்டது. இட்லிக்குக் கொடுக்காத மன்னிப்பை மனிதர் வாய்ப்பாட்டுக்கு வாரி வழங்கியிருந்தார்!

பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும். சின்ன வாய்ப்பாடுதான் கஷ்டம், பெரியது சுலபம் என்று ரெண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டோம். இரண்டாம் வாய்ப்பாட்டில் ஈரைந்துக்கு ஒன்று பிசகினாலும் அது ரிஜெக்டெட். பத்தொன்பதாம் வாய்ப்பாடோ பெருந்தன்மையின் சிகரம். பத்தொன்பது பத்தொன்பது? முந்நூற்றைம்பது, அக்செப்டெட். பதினேழு பதினெட்டு? முந்நூறு, அக்செப்டெட். ஆறில் மூச்சு வாங்கிய நான் பத்தொன்பதில் குதிரை ஓட்டினேன். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மாவே, "ஏங்க, பரவால்லையே!" என்றாள். அப்பா காலரைத் தூக்கி விட்டுக்கொள்கிற ரகமில்லை. அன்றைக்கு லேசாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பள்ளியில் சரோஜினி மிஸ் கணக்கு எடுப்பார். பதினாறு எட்டு எவ்வளவு என்று என்னைக் கேட்டார். கணீரென்று நூற்றிமுப்பது என்றேன். நூற்றிருபத்தெட்டுதான் விடை. "எக்ஸ்ட்ரா டூ எக்கட நுஞ்சி வச்சிந்தி?" என்றார் மிஸ். அந்த ரெண்டு எங்கேயிருந்து வந்ததாம்.

"டாலரன்ஸ், மிஸ்" என்றேன்.

அடுத்து ஸ்வப்னாவைக் கேட்டார். அவளும் நூற்றிமுப்பது. பின் பெஞ்சில் இன்னொருத்தி, பெரிய மனசுக்காரி, நூற்றிருபத்தைந்து. மிஸ் வகுப்பு முழுக்கச் சுற்றி வந்தார். யார் விடை தப்போ அவர்கள் மணிக்கட்டில் எல்லாம் ஒரு நீல முக்கோணம். அம்மை பரவுவதைப் பார்க்கிற டாக்டர் மாதிரி ஒவ்வொரு கையாகத் திருப்பிப் பார்த்தார். நாங்களும் பெருமையாகக் காட்டினோம்.

அரைப் பரீட்சை வந்தது. எழுதினேன், ரொம்ப நன்றாக எழுதியிருப்பதாக நினைத்தேன். அப்பாவுக்குப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது.

தொழிற்சாலை அடையாள அட்டையோடு, சட்டைப் பையில் கால்குலேட்டரோடு வந்தார் அப்பா. நான் பக்கத்தில் நின்றேன். மிஸ் விடைத்தாளை நீட்டினார். அப்பா ஒவ்வொரு கணக்காகத் தட்டிப் பார்த்தார். மிஸ்ஸின் டீ ஆறிப்போனது. கடைசியில் நிமிர்ந்து, முகமெல்லாம் திருப்தியாக, "எல்லாமே லிமிட்டுக்குள்ளதான் இருக்கு மேடம்" என்றார்.

மிஸ் கோபக்காரர்தான். ஆனால் அன்றைக்குக் கோபப்படவில்லை. அவர் கேட்டது ஆங்கிலத்தில். என் ஞாபகத்தில் அது தமிழில்தான் பதிந்திருக்கிறது. "சார், பாஸ் மார்க் முப்பத்தஞ்சு. உங்க பொண்ணு முப்பத்திநாலு. உங்க அஞ்சு பர்சென்ட்டை நானும் குடுக்கட்டுமா? பாஸ்னு போட்டுடறேன்."

எனக்கு உயிரே வந்தது. ஒரு மார்க்! அப்பா தலையை ஆட்டினால் போதும், பெட்டி வீட்டில் இருக்கும், டிவி இருக்கும், முக்கோணம் இருக்கும். நான் அவர் சட்டை ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். அப்பா என்னைப் பார்த்தார், விடைத்தாளைப் பார்த்தார். அவர் நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக வந்ததை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது.

"வேண்டாம் மேடம். பாஸ் மார்க்குக்கு டாலரன்ஸ் கிடையாது" என்றார்.

பாவி மனுஷா என்று இருந்தது எனக்கு. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தபடி அழுதேன். தெருவில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கட்டும் என்றே சத்தமாக அழுதேன்.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூட மாற்றவில்லை. டிவியிலிருந்து ஒயரைக் கழற்றினார். தொழிற்சாலையில் தேறாத பொருளுக்குச் சிவப்புச் சீட்டு கட்டுவார்கள். சிவப்பு அட்டை ஒன்றை வெட்டி, நூல் கோத்து, கம்ப்யூட்டரில் கட்டினார். காரணம் என்ற இடத்தில் 'இன்ஸ்பெக்டரின் தவறு' என்று எழுதிக் கீழே தன் கையெழுத்தையே போட்டார். ஸ்டூல் போட்டு ஏறிப் பரணில் வைத்தார். அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வாயைத் திறக்காமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை தெலுங்குப் படம் ஓடியது. அம்மா முன்னால் உட்கார்ந்திருந்தாள். அப்பா வாசலில் பேப்பரைப் பிடித்திருந்தார், பக்கம் திரும்பவே இல்லை. வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. பாதிப் படத்தில் அம்மா எழுந்து வந்தாள்.

"ஏங்க, உங்க ஃபேக்டரில ரிஜெக்ட் ஆனா உடனே தூக்கிக் கடாசிருவீங்களா?"

"இல்ல. ரிவொர்க் பண்ணுவோம். சரி பண்ணி மறுபடி டெஸ்டுக்கு வரும்."

"அப்ப எறக்கிச் சரி பண்ணுங்க. புள்ள மூஞ்சியப் பாக்க முடியல. உங்க மூஞ்சி அதுக்கு மேல."

"உன் படம்?"

"வில்லன் யாருன்னு எனக்கு எப்பவோ தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

அன்றே அப்பா புரோகிராமைத் திருத்தினார். டாலரன்ஸ் பூஜ்யம். தப்பாக அடித்தால் இப்போது 'ரிஜெக்டெட்' வராது. 'ரிவொர்க்' என்று மினுக்கும். சரியாக வரும்வரை அதே கேள்வியிலேயே நிற்கும். அழாது, கைதட்டாது, அடுத்ததற்கும் போகாது. தெருப் பிள்ளைகள் ரெண்டு நாள் வந்து பார்த்துவிட்டு, இது பழைய மெஷின் இல்லை என்று கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள். நானும் அப்பாவும் மட்டும் மிஞ்சினோம். முழுப் பரீட்சையில் நான் தேறிய கதை பெரிதொன்றுமில்லை, தேறினேன், அவ்வளவுதான். மிக்ஸி மட்டும் பழையபடி எங்களைக் கவிழ்த்துக்கொண்டே இருந்தது.

அந்தக் கீபோர்டு எந்த இடமாற்றத்தில் போனதோ தெரியாது. கேசட்டில் அம்மா பக்திப் பாட்டு பதிந்துகொண்டாள். டிவி போனது. பஸ்ஸுக்காக வரிசையில் நின்ற அப்பாக்களும் இல்லை, தெருவில் சால்டரிங் வாசனையும் இல்லை. அம்மா போய் நாலு வருஷமாகிறது. அப்பா என்னோடுதான் இருக்கிறார். கொஞ்ச நாளாக என்னை அவர் தங்கை பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். பேத்தியை என் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஆள் மாறுகிறது, ஆனால் குடும்பத்தை விட்டு வெளியே போவதில்லை.

நேற்று முயல் தூங்கப் போனபிறகு என் மகள் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனாள். "தாத்தா, செவன்டீன் எய்ட்டீன்ஸ்?" என்று கேட்டாள்.

அப்பா ரொம்ப நேரம் யோசித்தார். உதடு அசைந்தது. "முந்நூறு" என்றார்.

"ராங்! த்ரீ ஹண்ட்ரட் அண்ட் சிக்ஸ்!"

அப்பா அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். வாய்ப்பாட்டில் மாட்டிக்கொண்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் முகம்.

"அக்செப்டெட்பா" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. மணிக்கட்டை என் பக்கம் நீட்டினார். எனக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. சீலுக்கு எங்கே போவேன்? மகளின் நீலப் பேனாவை எடுத்து, நரம்பு புடைத்த அந்தக் கையில் சின்னதாக ஒரு முக்கோணம் வரைந்தேன். அப்பா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மூன்று பக்கமும் சரியா என்று. மகள் அதைத் தொட விரலை நீட்டினாள்.

"மை காயட்டும், தொடாத" என்றார்.