குணமானவர்களுக்கு ஊர் தேடிய எஸ்தர் மேடம்

செய்தி வந்தபோது நான் கீழ்க்கட்டளை சிக்னலில் ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் நின்றிருந்தேன். போனில் கஸ்தூரி. “சார், மேடம் எழுந்துக்கவே இல்ல. காபி ஆறிப்போச்சு” என்றார். குரலில் பதற்றம் இல்லை. “பக்கத்து வூட்ல போய்ச் சொன்னேன் சார். நீ மாத்திரை போட்டியான்னு கேக்கறாங்க.” நான் போய்ச் சேர்ந்து, தெருமுனை கிளினிக்கிலிருந்து டாக்டரைக் கூட்டிவந்து, அவர் நாடி பார்த்துச் சொன்ன பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். கஸ்தூரி சொன்னபோதே அது உண்மைதான்.

எஸ்தர் மேடத்தை உங்களில் பலர் மாணவர்களாக அறிவீர்கள், சிலர் எதிரிகளாகவும் அறிவீர்கள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் மருத்துவ உளவியலாளர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், மாடம்பாக்கத்தில் தன் சொந்த வீட்டின் கீழ்த்தளத்தை ஒரு இல்லமாக்கினார். மனநோயிலிருந்து தேறிய பிறகும் வீட்டார் திரும்ப அழைத்துக்கொள்ளாத பெண்களுக்கான இல்லம். மேடம் மாடியில் இருந்தார். நசீர் என்கிற நான் அவருடைய சக உளவியலாளன், கடைசிவரை அவரோடு சண்டை போட்டுக்கொண்டே கூட வேலை பார்த்தவன். கஸ்தூரி அந்த இல்லத்தில் இருந்தவர்களில் ஒருவர். ஐம்பதைத் தாண்டியவர். சமையல், காய்கறி, பால் கணக்கு எல்லாம் அவர் பொறுப்பு.

மேடம் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மருத்துவமனையில் உளவியலாளருக்குப் பெயரே கிடையாது. “டெஸ்ட் மேடம்” என்பார்கள். டாக்டர் ஒரு சீட்டு எழுதி அனுப்புவார், நோயாளியை உட்காரவைத்து நாலு கேள்வி கேட்டு, புத்தி எவ்வளவு என்று ஒரு எண்ணைப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். மேடம் எண்ணைப் போட்ட பிறகும் நோயாளியை அனுப்பாமல் பேசிக்கொண்டிருந்தார். அதிலும் “வாங்க, உக்காருங்க” என்று பேசினார். வார்டில் அதுவரை எவரும் நோயாளியை “வாங்க” என்றதில்லை. தலைமை டாக்டர் கூப்பிட்டு, “உங்களை அரட்டை அடிக்கவா வேலைக்கு வெச்சிருக்கோம்?” என்று கேட்டாராம். “ஆமா சார், அதுக்குத்தான் படிச்சிட்டு வந்தேன்” என்றிருக்கிறார் இவர். பதவி உயர்வு பல வருடம் தள்ளிப்போனது. எங்களிடம் சொல்வார், “அளக்கறதுல பொறந்த படிப்பு இது, நசீர். அதான் ஆளைப் பாத்ததும் கை ஸ்கேலைத் தேடுது.”

வகுப்பெடுக்கும்போதும் அப்படித்தான். மனநலச் சிகிச்சையின் வரலாறு என்றால், எங்கோ ஒரு டாக்டர், மனநோயாளர் விடுதியில் கட்டிப்போட்டிருந்தவர்களின் சங்கிலியை அவிழ்த்துவிட்ட கதையில்தான் எல்லோரும் தொடங்குவோம். மேடம் அந்தக் கதையைச் சொல்லி முடித்துவிட்டு வகுப்பை ஒரு பார்வை பார்ப்பார். “அவுத்துவிட்டவங்க அப்புறம் எங்க போனாங்க? எல்லாப் புக்குலயும் தேடிட்டேன், கிடைக்கல” என்பார். மாணவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

இல்லத்துக்கு உள்பூட்டு, வெளிப்பூட்டு எதுவும் கிடையாது. தெருக்காரர்கள் கூடி வந்து கிரில் கேட் போடச் சொன்னார்கள். “குழந்தைங்க நடமாடற தெரு மேடம், ஏதாவது ஆயிடுச்சுன்னா?” என்றார் ஒரு பெரியவர். “உங்க வீட்டு கேட்டுக்கு நீங்க பூட்டு போட்டுக்கலாமே சார், நான் வேணாம்னா சொல்றேன்?” என்று அனுப்பிவிட்டார். வாய் அப்படி. அந்த வாயால் நாங்கள் இழந்த நன்கொடைகள் ஏராளம்.

பூட்டில்லாத அந்த வீட்டிலிருந்து ஒருநாள் கஸ்தூரி கிளம்பிப் போனார். மேடவாக்கத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு. அது அவருடைய அப்பா கட்டிய வீடு. சாயங்காலம் ஆட்டோவில் திரும்பி வந்து இறங்கினார். ஆட்டோக்காரர், “அந்த வூட்டு சாரு துட்டு குத்துட்டாரு மேடம், பத்ரமா வுட்டுட்டு வரச் சொன்னாரு” என்றார். மேடம் கஸ்தூரியைத் திட்டவில்லை. “தண்ணியாவது குடுத்தாங்களா?” என்று மட்டும் கேட்டார். “குடுத்தாங்க மேடம். வாசல்லயே” என்றார் கஸ்தூரி.

மறுநாள் மேடம் என்னையும் இழுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். அண்ணன் எங்களை மரியாதையாகத்தான் நடத்தினார். சோபாவில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, மெல்லிய குரலில் பேசினார். “மேடம், பொண்ணுக்குப் பேசி முடிச்சிருக்கோம். மாப்பிள்ளை வீட்ல, எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா, தவறிட்டான்னு சொல்லியிருக்கேன். இப்ப எப்படி மேடம்?” மேடம் சட்டம் பேசினார், சொத்தில் பங்கு பேசினார், கடைசியில் கெஞ்சவும் செய்தார். அவர் கெஞ்சி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அண்ணனுக்குக் கண் கலங்கியதே தவிர, பதில் மாறவில்லை. வெளியே வந்ததும் மேடம் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். “நாம குணமாக்கிடறோம் நசீர். குணமானவங்களை வெச்சுக்கத்தான் ஊர் இல்ல” என்றார். கஸ்தூரியிடம் அந்தப் பேச்சை நாங்கள் இருவரும் சொல்லவில்லை.

தாம்பரத்தில் அடக்கம். இல்லத்துப் பெண்கள் இருப்பதில் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார்கள். சர்ச்சில் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர்களைத் தவிர வேறு யாருக்கு அந்த உரிமை? மேடத்தின் சொந்தக்காரப் பெண்மணி ஒருவர் என் அருகில் வந்து, “பேஷண்ட்ஸையெல்லாம் கொஞ்சம் பின்னாடி உக்காரச் சொல்லுங்களேன், போட்டோ எடுக்கறாங்க” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் கஸ்தூரி எழுந்து, மற்றவர்களையும் எழுப்பிக்கொண்டு பின்னால் போய்விட்டார். அவருக்கு அது பழக்கம்.

இதை எழுதும்போது எனக்கு மேடத்தின் மேலேயே கோபம் வருகிறது. உயில் எழுதுங்கள், வீட்டை ஒரு அறக்கட்டளையின் பேரில் மாற்றுங்கள் என்று நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்? “எழுதலாம்ப்பா, நான் என்ன நாளைக்கேவா போகப்போறேன்” என்பார். போய்விட்டார். வீடு அவருடைய அண்ணன் மகனுக்குப் போனது. வெளிநாட்டில் இருப்பவர், கெட்டவர் இல்லை. கிறிஸ்துமஸ் வரை டைம் கொடுத்தார். அதன்பிறகு பில்டருக்கு. மற்ற பெண்களில் ஒருவரை மகள் அழைத்துக்கொண்டாள், ஒருத்தி சித்தியோடு போனாள், இன்னொருவருக்குக் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு இல்லத்தில் இடம் கிடைத்தது. கஸ்தூரி மட்டும் மிஞ்சினார். நான் ஏறி இறங்காத இல்லம் இல்லை. இடமில்லை என்றார்கள், வயதாகிவிட்டது என்றார்கள். என் சொந்த வீட்டிலும் கேட்டுப் பார்த்தேன். அந்தப் பதிலை இங்கே எழுதவேண்டாம்.

கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு மருத்துவமனையில், நீண்டகால வார்டில் ஒரு படுக்கை காலியாக இருந்தது. அங்கிருந்த டாக்டர் போனில் பொறுமையாகவே பேசினார். “நசீர், நல்லா இருக்கறவங்களை நான் எந்த அடிப்படையில சேர்க்கறது? டெஸ்ட் பண்ணி, நோய் இன்னும் இருக்குன்னு ஒரு ரிப்போர்ட் குடுங்க, சேர்த்துக்கறேன்.” பூட்டுள்ள வார்டு அது. நலமாக இருக்கிறார் என்று நான் எழுதினால் கஸ்தூரிக்குத் தெரு. நலமில்லை என்று எழுதினால் கூரை.

நான் கஸ்தூரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்க எனக்கு என்ன யோக்கியதை? காலி செய்த வீட்டின் ஹாலில், மிச்சமிருந்த இரண்டு நாற்காலிகளில் எதிரெதிரே உட்கார்ந்தோம். வழக்கமான கேள்விகளில் தொடங்கினேன். “இது என்ன மாசம் கஸ்தூரி?” என்றேன். “டிசம்பர்” என்றார் டக்கென்று. பிறகு என் முகத்தைப் பார்த்தார். “ஐயோ, தப்பா சொல்லணும்ல சார்? மறுபடி கேளுங்க” என்றார். மறுபடி கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் யோசித்து, கவனமாகத் தப்பாகச் சொன்னார். நடுவில் ஒருமுறை, “இது போதுமா சார், இன்னும் கொஞ்சம் தப்பா சொல்லட்டுமா?” என்று கேட்டார். எனக்கு உதவி செய்வதாக நினைத்தார். போதும் என்றேன். ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவரைக் கொண்டுபோய் விட்ட அன்று, வார்டு வாசலில் ஒரு ஆயா பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “உன் பேரு இன்னாம்மா?” என்று கேட்டார். கஸ்தூரி வாயைத் திறந்தவர், நிறுத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “சார், பேரை மட்டும் சரியா சொல்லலாமா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

மேடத்திடமிருந்து நான் எதை எடுத்துக்கொண்டேன் என்று இரங்கல் கூட்டத்தில் கேட்டார்கள். அன்று ஏதோ பேசிச் சமாளித்தேன். அவருடைய பூட்டில்லாத வீட்டை என்னால் காப்பாற்ற முடியவில்லை, அவர் குணமாக்கியவரை நோயாளி என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது, அந்த வாசலில் நான் சொன்ன ஒரு வார்த்தை மட்டும்தான். “சரியாவே சொல்லுங்க, கஸ்தூரி” என்றேன்.