வளையல் கடை போர்டில் எஸ்தர்

போன வாரம் திருப்பதி போயிருந்தேன். மலைக்கு இல்லை — கண்ணாஸ்பத்திரிக்கு. கண்ணில் சொட்டு மருந்து விட்டு அனுப்பிவிட்டார்கள். உலகமே மங்கல். என் மனைவி கிருபா கையைப் பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனாள்.

பாதி வழியில் சட்டென்று நின்றுவிட்டாள்.

"இன்னாங்க... இது நம்ம எஸ்தர் எழுத்து!"

எஸ்தர் எங்கள் ஒரே மகள். நெதர்லாந்தில் ஃபாண்ட் டிசைனர் — கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கு உருவம் வரைகிற வேலை. வேலை போக, சொந்தமாக ஒரு தமிழ் ஃபாண்ட் செய்திருந்தாள். மயிரிழை போலக் கோடுகள். ஒவ்வொரு எழுத்தின் முனையிலும் முளைவிட்ட வேர்க்கடலை மாதிரி ஒரு சுருள். பொடியாக அச்சடித்தால் கோடே காணாமல் போய்விடும். பெரிய தலைப்புக்கும் போர்டுக்கும்தான் லாயக்கு. நெட்டில் இலவசமாகவே விட்டாள். யாராவது சீந்தினார்களா?

"ரொம்ப கோணலா இருக்குதாம் நைனா. இத்தோட வுட்டுடலாம்னு பாக்கறேன்" என்றாள், போன மாதம்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. அவள் கட்டிலில் கட்டிய கொசுவலையை கிருபா இன்னும் அவிழ்க்கவில்லை.

ஆனால் அவள் எழுத்து வந்துவிட்டது! புது வளையல் கடை. மேலே தெலுங்கு. கீழே, தமிழ்நாட்டிலிருந்து வரும் பக்தர்களுக்காக, 'வளையல்'. என் கண்ணுக்கு அது வெறும் தங்கப் புகை.

கிருபா கடைக்காரரிடம் போய் நின்றாள்.

"அண்ணா, இந்த எழுத்து எங்க புடிச்சீங்க?"

"நெட்லதாம்மா. வளையல் மாதிரியே சுத்திக்கினு இருக்குது... பாகுந்தி கதா? நல்லாத்தானே இருக்குது? ஏம்மா, தப்பா?"

"என் பொண்ணு செஞ்சதுண்ணா."

அவர் எழுந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

வீடியோ கால். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. "காட்டும்மா, காட்டு!" என்று எஸ்தர் கத்தினாள். இங்கோ உச்சி வெயில். அந்த மெல்லிய கோடுகள் போனில் விழவே இல்லை.

"ஒண்ணுமே தெரியலம்மா. வெள்ளையா இருக்குது."

கிருபா விடுவாளா? ஸ்டூலில் ஏறிவிட்டாள்.

"நான் சொல்றேன் கேளு. 'ளை' இருக்குது பாரு... அதோட கொம்பு சுருண்டுக்கினு பக்கத்து எழுத்த எட்டிப் பாக்குது. 'ல்' மேல புள்ளி உருண்டையா இல்ல, மல்லி மொக்காட்டம் சாஞ்சுக்கினு இருக்குது. நீ வச்ச மாதிரியே..."

விரலால் காற்றில் வரைந்துகொண்டே போனாள். தெருவில் நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நெட் போய்விட்டதா?

"எஸ்தர்?"

"இருக்கேம்மா. வுடமாட்டேன்மா. இன்னும் செய்வேன்... போர்டு போதும். போனைத் திருப்பு. உன் மூஞ்சக் காட்டு."

கிருபா திருப்பினாள்.

'எப்போ வர்ற?' என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "எதனா சாப்பிட... துன்னியா?" என்றாள்.

எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே கேள்விதான்.