பேச்சில் இல்லாத கோயில்

எங்கள் கல்யாணப் பேச்சில் எங்கள் பக்கம் கேட்டது பௌத்த முறைக் கல்யாணம். அவர்கள் பக்கம் கேட்டது தாலி. இரண்டு பக்கமும் கொஞ்சம் முறைத்துக்கொண்டு, கொஞ்சம் இறங்கி வந்து, காபி குடித்துவிட்டு எழுந்தார்கள். கோயில் என்ற சொல்லை அன்றைக்கு யாரும் எடுக்கவில்லை.

அப்பா பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நான் பிறப்பதற்கு முன்பே பௌத்தத்துக்கு மாறி, இனி எந்தச் சாமியையும் கும்பிடுவதில்லை என்று உறுதிமொழி எடுத்தவர். பெற்ற தாய் செத்துக் கிடந்தபோதுகூட அவர் கற்பூரம் ஏற்றவில்லை. அவருடைய சொந்த அண்ணன் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். வியாசர்பாடியில் அந்த வீட்டில் வளர்ந்த எனக்கும் அது ரத்தத்தில் ஊறிவிட்டது. பள்ளிக்கூடத்திலேயே எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பேர். எனக்கு அதில் பெருமைதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் கல்யாணம் நடந்தது. என் மாமியார் காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவர். நான் வெள்ளைப் புடவையில் வந்து உட்கார்ந்ததும் அவர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் பிக்கு ஓதி முடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. அதை நான் மறுக்க முடியாது.

சாப்பாடு முடிந்து, மாப்பிள்ளை வீடு இருக்கும் எண்ணூருக்குக் கிளம்பினோம். திருவொற்றியூர் தாண்டியதும் கார் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. முன்னால் லாரி, பின்னால் லாரி, புழுதிக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றியாகிவிட்டது. பின்சீட்டில் மாமியாருக்கும் அவர் தங்கைக்கும் நடுவில் நான். முன்சீட்டில் என் வீட்டுக்காரர். அங்கேதான் மாமியார் ஆரம்பித்தார்.

“தெருமுனைல நம்ம அம்மன் கோயில் கீது கண்ணு. எறங்கி ஒரு கும்புடு போட்டுட்டு வூட்டுக்குப் போவோம். ஒரு நிமிசம்தான்.”

“பேச்சுல கோயில் இல்லையே, அத்தை.”

“பேச்சுல பிரியாணி கூடத்தான் இல்ல. துன்னலியா நீ?”

அவர் தங்கை சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை. “இவன் அப்பன் போன போட்டு கவுந்து கடல்ல கெடந்தப்ப அவ காலத்தான் புட்சிகினு அழுதேன். உசுரோட அனுப்பிச்சா. அவகிட்ட காட்டாம உன்னை எப்டிம்மா வூட்டுக்குள்ள இட்டுகினு போவேன்?” கண் கலங்கிவிட்டது அவருக்கு. அது நடிப்பில்லை. அதனால்தான் எனக்கு மூச்சு முட்டியது.

கல்யாணத்துக்கு முன்னால், உன்னை யாரும் கும்பிடச் சொல்ல மாட்டார்கள் என்று சத்தியம் செய்த மகராசன் முன்னால் நின்ற லாரியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா?” என்றேன்.

“சும்மா கைய கூப்பி நின்னுட்டு வாயேன். மனசுக்குள்ள கும்புடாத. யாருக்குத் தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியும்ல?” என்று கத்தினேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார். கதவைத் திறந்து ஓடலாமென்றால் இரண்டு பக்கமும் ஆள்.

தெருமுனையில் மேளக்காரர்களும் ஆரத்தித் தட்டோடு பெண்களும் காத்திருந்தார்கள். வீட்டுக்குப் போகும் வழி கோயிலைத் தாண்டித்தான். பூசாரி கற்பூரத்தட்டை நீட்டினார். நான் கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். மேளம் நின்றுபோனது.

“கும்புடாம நீ இந்தத் தெருவுல காலு வெக்க முடியாது,” என்றார் மாமியார்.

திரும்பிப் போகவும் முடியாது. தாலி ஏறிவிட்டது. பின்னாலேயே வேனில் எங்கள் ஆட்கள் வந்து இறங்கினார்கள். அப்பாவைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது.

“நைனா, நான் கும்புட மாட்டேன்.”

அப்பா என்னைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார்.

“சம்பந்திம்மா, அது பொறந்ததுலேர்ந்து கும்புட்டதில்ல. என் வளப்பு அது. அத உட்ருங்க. அதுக்குப் பதிலா நான் கும்புட்டுக்கறேன்.”

சொல்லிவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். பூசாரி விபூதி பூச, குனிந்து நெற்றியைக் காட்டினார். “அப்பனே கும்புட்டாரு, போதும்பா,” என்று மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்து அழைத்துப்போனார். மேளம் மறுபடி கிளம்பியது.

எங்கள் ஆட்கள் ஊருக்குக் கிளம்பும்போது அப்பாவைத் தனியாகப் பிடித்தேன். “ஏன் நைனா இப்டி பண்ண?”

“நாங்க போய்டுவோம். நாளைக்கு நீ இந்த வூட்லதானம்மா கெடக்கணும்,” என்றார். நெற்றியை அவர் துடைத்துக்கொள்ளவே இல்லை.

அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் என்னைக் கும்பிடச் சொன்னதில்லை. அடேயப்பா, என்ன உறுதி என்று எங்கள் சனமே என்னை மெச்சும். கேட்கும்போதெல்லாம் அப்பா நெற்றியில் இருந்த விபூதிதான் என் கண்முன் நிற்கும். நான் கையைக் கூப்பியிருந்தால் அவர் கூப்பியிருக்க வேண்டாம். ஆனால் நான் கூப்பியிருந்தால், அவர் முகத்தில் நான் எப்படி முழித்திருப்பேன்?