முள்ளெலி வாசமும் என் கல்யாணமும்

பரிசோதனைக்கூட உதவியாளருக்குச் சம்பளம் மாதம் ஒருமுறைதான் வீட்டுக்கு வரும். வாசனை தினமும் வரும். கருவாட்டுக் கடை, ரப்பர் ஃபேக்டரி என்று வேலையின் வாசத்தை வீட்டுக்குச் சுமந்து வருகிறவர்களே, உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

எண்பதுகளில் கோலாலம்பூரில் கடல் முள்ளெலிகளைப் பராமரித்தேன். பந்து மாதிரி இருக்கும், உடம்பெல்லாம் முள். அதன் முட்டை தண்ணீரில் ஒரு ரசாயனத்தைக் கசியவிடும். விந்தணுக்கள் அதை மோப்பம் பிடித்து நீந்தி வரும். எப்படி என்பது எங்கள் டாக்டரின் ஆராய்ச்சி. தொட்டி கழுவுவது என் ஆராய்ச்சி.

பஸ்ஸில் ராஜமரியாதை

பிரிக்ஃபீல்ட்ஸ் போகும் மினி பஸ்ஸில் மூச்சுவிட இடம் இருக்காது. நான் ஏறினால் மட்டும் என்னைச் சுற்றி இடம் விழும். கண்டக்டருக்கு ஏக சந்தோஷம்.

"அக்கா, தினமும் இதே பஸ்ல வாங்க லா. நீங்க ஏறினா இன்னும் பத்து பேர ஏத்தலாம்."

திரும்பியும் பார்க்காதவர்கள்

பார்வையாளர்கள் வந்த அன்று டாக்டர் நுண்ணோக்கியின் கீழ் ஒரு சொட்டு முட்டைத் தண்ணீர் விட்டார். விந்தணுக்கள் ஓடி வரவேண்டும். அவையோ பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வேடிக்கை பார்ப்பதுபோல் சுற்றிக்கொண்டிருந்தன. டாக்டர் எடுத்தது வேறு இன முள்ளெலியின் போத்தல். யாழ்ப்பாணத்துக்காரர், அசரவில்லை.

"பிள்ளை, தன்ர இனத்து வாசம் எண்டால்தான் இவன் ஓடுவான். மற்றதுக்கு மூக்கே இல்லை."

காஜாங்கிலிருந்து வந்தவர்கள்

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா, என்ன வேலை என்று அன்பாகத்தான் கேட்டார். நானும் ஆர்வக்கோளாறில் முட்டை, விந்தணு, மோப்பம் எல்லாவற்றையும் விளக்கினேன். கேசரி அவர் வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது. ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. அம்மா அன்று அழுதாள். மாப்பிள்ளையின் அம்மா வாசலில் சொல்லிவிட்டுப் போனது இதுதான்.

"பொண்ணு நல்லாத்தான் பேசுது. ஆனா எங்க வீட்டுல சின்னப் பசங்க இருக்காங்க."

கிள்ளானிலிருந்து வந்தவர்

அடுத்த வரனுக்கு அம்மா என்னை மூன்று முறை குளிக்க வைத்தாள். வாயைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு. போதாததற்குச் சாம்பிராணிப் புகை. யார் மாப்பிள்ளை, எது அலமாரி என்றே தெரியவில்லை. காப்பித் தட்டோடு போய் நின்றேன். கிள்ளானில் மொத்த மீன் வியாபாரம் செய்பவர், இருமியபடி மூக்கை உறிஞ்சினார். இதுவும் போச்சு என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"சாம்பிராணிய அணைச்சிடுங்க ஆன்டி. வாசல்லயே நல்ல கடல் வாசம் அடிச்சுச்சு, நம்ம வீடு மாதிரியே இருக்குன்னுதான் சந்தோஷமா உள்ள வந்தேன் லா."

இப்போது சைனஸ் வந்து அவருக்கு மூக்கே வேலை செய்வதில்லை என்றாலும், சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வழி தவறாமல் வீடு வந்து சேர்ந்துவிடுகிறார்.