அழுக்குத் தெரிகிற நிறம்

கரி வேலைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகிற ஆள் என்று கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எனக்குத் தெரிந்து ஒருவர்தான் உண்டு. பெயர் ராஜமாணிக்கம். வண்டிகளுக்கான ரப்பர் சாமான்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில், ரப்பரோடு கரிப்பொடியைக் கலக்கும் மிஷினில் அவருக்கு வேலை. அந்தப் பொடி மாவைவிட மெல்லியது. மூடி வைத்த டிபன் பாக்ஸுக்குள்ளும் போய் உட்காரும். நரைத்த மீசைக்கு இலவசமாகச் சாயமும் போடும். உள்ளே போட்டுக்கொள்ளக் கம்பெனி காக்கி கொடுத்திருந்தது. வந்து போவதற்கு அவரவர் இஷ்டம். மற்றவர்களுடைய இஷ்டமெல்லாம் கறுப்பிலும் கருநீலத்திலும் இருந்தது. ராஜமாணிக்கம் மட்டும் நீலம் போட்டு வெளுத்து, இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளையில் வருவார்.

இதனால் சில சங்கடங்கள் உண்டு. மீஞ்சூரில் கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கி நடக்கும்போது, தெருவிளக்கு எரியவில்லை என்று அவரை நிறுத்தி முறையிட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு அம்மாள் தன் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போகச் சொன்னார். மறுக்கத் தெரியாமல் அவரும் போனார். நன்றாகவே ஜெபித்ததாகக் கேள்வி. தெருவிளக்குதான் இன்னும் எரியவில்லை.

கூட வேலை செய்யும் கலியன் விடமாட்டார். "இன்னா நைனா, நாம கரில பொரள்றவங்க. நீ ஞானஸ்நானத்துக்குப் போற மாதிரி வர்றியே."

"அவ்ளோ கரிக்கு நடுவுல ஒண்ணாவது வெளுப்பா இருக்கட்டுமேடா."

இது பதில் இல்லை. பதில் மீஞ்சூரில் இருந்தது. அதன் பெயர் சாராள்.

கல்யாணமான புதிதில் ராஜமாணிக்கமும் கறுப்புச் சட்டைக்காரர்தான். சாராளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. வேலை முடிந்து கம்பெனியிலேயே குளித்துவிட்டுத்தான் அவர் வருவார், ஆனால் வெளியே பஸ் ஹாரன் அடிக்க அடிக்கக் குளிக்கிற குளியல். கறுப்புச் சட்டை அவரைக் கடைசிவரை காட்டிக்கொடுக்கவில்லை. தலையணை உறை காட்டிக்கொடுத்தது. ஒரு நாள் காலையில் அதில் அவருடைய தலை படுத்திருந்த இடம் சாம்பல் நிறத்தில் அப்படியே பதிந்திருந்தது. சாராள் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சண்டை போட்டிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அவள் அதைத் துவைக்கப் போட்டாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் வாசலுக்கு வரும்போதே அவளுக்கு நெஞ்சு இறுகத் தொடங்கியது. எது கரியால் வந்த இழுப்பு, எது பயத்தால் வந்தது என்று பிரித்துச் சொல்ல டாக்டராலும் முடியவில்லை.

அந்த வாரம் அவர் வெள்ளைச் சட்டை எடுத்தார். குளித்துவிட்டுப் போட்டுக்கொள்வார், கழுத்துப் பட்டையில் கறுப்புத் தெரிந்தால் கழற்றி வைத்துவிட்டு மறுபடி குளிப்பார். நாளடைவில் பஸ் டிரைவர் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் பழகிக்கொண்டார். சாராள் தெருமுனையிலேயே அந்த வெள்ளையைப் பார்த்துவிடுவாள். மூச்சு தானாகச் சமப்படும்.

இதைப் பற்றிப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. பேசியதெல்லாம் துவைக்க அவள் படும் பாட்டைப் பற்றி.

"கறுப்புல ஒண்ணு எடுத்தா கொறஞ்சா பூடுவே? என் கை தேஞ்சி போவுதுய்யா."

"எடுக்கலாம் எடுக்கலாம்."

எடுக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் அவள் கேட்பாள்.

போன வருஷம் கம்பெனி எல்லோருக்கும் சீருடை கொடுப்பதென்று முடிவு செய்தது. புதிதாக வந்திருந்த மேனேஜர் இளமதி நல்ல பெண். மேலிருந்து திணிக்கக் கூடாது, வேலைக்கு எதைப் போட்டு வருவது என்று போடுகிறவர்களே சொல்லட்டும் என்றார். கேண்டீன் மேசையில் மூன்று துணிகளை விரித்து வைத்தார்கள்: வான நீலம், சாம்பல், கருநீலம்.

"வெள்ளை இல்லீங்களா மேடம்?" என்று ராஜமாணிக்கம் கேட்டார். கேண்டீன் சிரித்து ஓய்வதற்குள் டீ ஆறிவிட்டது.

கருநீலம் ஏகமனதாக ஜெயித்தது. எல்லோரும் சொன்ன காரணமும் ஒன்றே: அழுக்குத் தெரியாது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே போட்டுக்கொள்ள வேண்டும், வீடு திரும்பும்போதும் அதே உடையில்தான். மிஷினில் நிற்கும்போது மட்டும் பழைய காக்கி.

அவர் இளமதியைத் தனியாகப் போய்ப் பார்த்தார். "திரும்பிப் போறப்ப மட்டும் வெள்ளை போட்டுக்கறேன் மேடம்."

"அண்ணா, உங்களுக்கு விட்டா நாளைக்கு இன்னொருத்தர் லுங்கியில வருவார். நீங்கள்லாம் ஓட்டுப் போட்டு எடுத்ததுதானே?"

அந்தப் பெண் சொன்னதில் தப்பில்லை. அவர் காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கம்பெனி மேல் புகார் சொன்ன மாதிரி ஆகும். அதைவிட, சாராளின் மூச்சு கேண்டீனில் பேச்சாகிவிடும். "சரிங்க மேடம்" என்று வந்துவிட்டார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் கலியனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார்.

கலியன் அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை. யோசித்துவிட்டு, "இதுக்குப் போயி பேஜாராவுறியே. ஒரு வெள்ளைத் துண்டு வச்சிக்கோ. தொடச்சிப் பாத்தா சுத்தமா இல்லியான்னு தெரிஞ்சிடப் போவுது" என்றார்.

"எனக்குத் தெரியும்டா. அவளுக்குத் தெரியணுமே."

முதல் நாள் கருநீலத்தில் வந்து வாசலில் நின்றபோது சாராளின் கை தானாக நெஞ்சுக்குப் போனது.

"ரெண்டு தபா குளிச்சேன் சாரா."

"தெரியும்யா. நான் இன்னா சொன்னேன் இப்போ?"

ஒன்றும் சொல்லவில்லைதான். ஆனால் மூச்சில் விசில் கேட்டது. அவர் பிளாஸ்டிக் சேரை இழுத்து வெளியே போட்டு உட்கார்ந்துகொண்டார். அவள் தட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கதவுக்கு உள்பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பிட்டதாகப் பேர். அந்த வாரம் முழுக்க அப்படியே ஓடியது. தன் புருஷனைத் தன் வீட்டுக்கு வெளியே உட்கார வைத்திருக்கிறோம் என்ற வெட்கத்தில் அவள் இழுப்பு கொஞ்சம் கூடியது.

பக்கத்து வீட்டுப் புவனேஸ்வரி எட்டிப் பார்த்தாள். "இன்னாண்ணே, அண்ணி வெளிய தள்ளிட்டாங்களா?"

"காத்து வாங்கறேம்மா."

உண்மையில் காற்று தேவைப்பட்டது உள்ளே இருந்தவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அவர் ஒரு பையோடு டெய்லர் ஜெபாவின் வீட்டுக்குப் போனார். சீருடைச் சட்டையின் காலருக்கு உள்பக்கம் சுற்றிவர வெள்ளைத் துணி வைத்துத் தைக்க வேண்டும். துணிக்கு, பையிலிருந்து தன் வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"உள்ள வச்சா வெளிய தெரியாதேண்ணே" என்றார் ஜெபா.

"வெளிய தெரிஞ்சா கேட்ல வுட மாட்டான்."

திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டு வாசலில் வந்து நின்று, திரும்பிக் குனிந்து, காலரை மடித்துக் காட்டினார். "இந்தா, பாரு."

சாராள் பார்த்தாள். வெள்ளை வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் அவள் பார்த்தது அதையல்ல. அந்தத் துணியை அடையாளம் கண்டுகொண்டாள்.

"கிறிஸ்மஸ் சட்டையா அது? அதையா வெட்னே?"

"ஓரமாத்தான் வெட்னேன்."

"சட்டைக்கு ஏதுய்யா ஓரம்."

அவர் குனிந்தபடியே நின்றார். அவள் படியிறங்கி வந்து, அவர் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். காதுக்குக் கீழே கழுத்தில் மூக்கை வைத்து, மூச்சை இழுத்தாள். அரைகுறையாக இல்லை, நெஞ்சு நிறைய, எவ்வளவு போகுமோ அவ்வளவு. எதிர் வீட்டில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூச்சு விடாமல் நின்றது ராஜமாணிக்கம்தான்.

அவள் மெதுவாக மூச்சை விட்டாள். விசில் இருந்தது. கொஞ்சம்தான்.

"சோப்பு வாசனதான் கீது" என்றாள். "இத்தினி வருசமா கண்ணால பாத்துகினு இருந்துட்டேன்."

அவர் காலரைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "காலரு வெளுப்பாதானே கீது?" என்று மட்டும் கேட்டார்.

"அத்த யாரு பாத்தா. உள்ள வாய்யா, சோறு ஆறுது. சேரையும் எடுத்துகினு வா."