கத்தாத மேற்பார்வையாளர்

அந்தச் சலவைக்கூடத்தில் அவருக்குப் பெயர் தங்கம். பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. தங்கமான மனுஷன், தங்கமான மனுஷன் என்று சொல்லிச் சொல்லி, அங்கே வேலை பார்க்கும் பெண்கள் சுருக்கிக்கொண்டது. அவர் முதுகுக்குப் பின்னால்தான் அப்படிச் சொன்னார்கள். ஆனாலும் அவர் காதுக்கு வந்துவிட்டது. கேட்டதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான். யாருக்குத்தான் இருக்காது?

அவருக்கு முன்னால் மேற்பார்வை பார்த்தவருக்கு இடி என்று பெயர். விடுதிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் வந்து குவிகிற படுக்கை விரிப்புகளில் ஒன்றில் கறை தங்கிவிட்டால் போதும், கூடமே அதிரும். செய்தவளைக் கிழி கிழியென்று கிழிப்பார். அந்த வேகத்திலேயே போய் எந்த இயந்திரத்தில் கோளாறு என்று பார்ப்பார். மெக்கானிக்கை வரவழைத்து அவனையும் ஒரு பிடி பிடிப்பார். பொழுது சாய்வதற்குள் சரியாகிவிடும். அப்புறம் திட்டு வாங்கியவளிடமே வந்து, டீ குடிச்சியா என்று கேட்பார். அவர் ஓய்வு பெற்றுப் போன அன்று எல்லாரும் அப்பாடா என்று பெருமூச்சு விட்டார்கள். அவரிடம் பலர் முன்னிலையில் வாங்கிக் கட்டிக்கொண்டு வளர்ந்த தங்கம், அந்த நாற்காலிக்கு வந்ததும் மனதுக்குள் ஒரு முடிவு எடுத்தார்: என் வாயிலிருந்து ஒருநாளும் ஒரு கடுஞ்சொல் வராது.

சொன்னபடியே நடந்துகொண்டார். வினை அங்கேதான் பிடித்தது.

யாராவது வந்து விரிப்பு கருகிவிட்டது என்று சொன்னால் அவர் ஏன், எப்படி என்று கேட்க மாட்டார். முகம் இறுகும். கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்வார். சட்டைக் கையை மடித்துவிட்டு, பாழான வேலையைத் தானே எடுத்துச் செய்வார். அவருடைய சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடக்கும். நான் பார்த்துக்கறேன், நீங்க கிளம்புங்க என்பார். திருடி மாட்டிக்கொண்டவர்களைப் போலப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள். அவரோ, முன்னால் நின்று வழிகாட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தார். நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறவனுக்கு உலகம் சொல்கிற புத்தியும் அதுதானே? குரலை உயர்த்தாதே, நீயே இறங்கிச் செய், அடுத்தவர் சுமையை உன் தோளில் வாங்கிக்கொள். சொல்கிறவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக அவரிடம் வருகிற புகார்கள் குறைந்தன. பிறகு நின்றே போயின. புகாரே இல்லாத பிரிவு என்று முதலாளி கூட்டத்தில் புகழ்ந்து ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார். தங்கம் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினார். கூடவே இருந்த மனைவியின் தங்கையும் பார்த்தாள். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு, மகளைப் படிக்கவைக்க வேண்டும் என்று அவள் வந்து நின்றபோது, அதே கூடத்தில் சூட்டு உருளையில் அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டவர் அவர்தான். இரண்டு கையையும் நம்பிப் பிழைக்கிற வேலை.

கொதிக்கும் இரண்டு உருளைகளுக்கு நடுவே ஈர விரிப்பின் விளிம்பைக் கொடுத்தால் அது காய்ந்து, மடிப்பு நீங்கி அந்தப் பக்கம் வரும். முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் பட்டால் உருளை நின்றுவிடும். கொஞ்ச காலமாக அது விரல் படாமலே நிற்கத் தொடங்கியிருந்தது. நின்றால் உள்ளே இருக்கிற விரிப்பு கருகும். கருகினால் தங்கத்திடம் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால் கிழிந்த விரிப்பிலிருந்து ஒரு நாடாவைக் கிழித்துக் கம்பியை அசையாமல் கட்டிவிட்டார்கள். அவர் சுற்றி வருகிற நேரம் பார்த்து அவிழ்த்துவிடுவார்கள். வாசல் காவலாளிக்குக்கூட விஷயம் தெரியும்.

ஒரு நாள் மதியம் கொழுந்தியாளின் வலது கையை உருளை உள்ளே இழுத்துக்கொண்டது. பக்கத்தில் நின்றவள் ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டும், மற்றவை இனி மடங்காது என்று மருத்துவர் சொன்னார்.

முதலாளி மருத்துவமனைக்கு வந்து தங்கத்தின் தோளைத் தட்டினார். உங்ககிட்ட யாரும் சொல்லவே இல்லையே, நீங்க என்ன பண்ணுவீங்க என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். தங்கத்துக்கு அது நெஞ்சில் தைத்தது.

அவர் போன பிறகு தங்கம் கட்டில் பக்கம் வந்தார். அவருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "கம்பி கெட்டுப்போச்சுன்னு என்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் என்னைக்காவது உங்களை ஒரு வார்த்தை திட்டியிருக்கேனா?"

"திட்டியிருந்தா சொல்லியிருப்போம் மாமா," என்றாள் அவள். "இடி கத்துவாரு, அதோட முடிஞ்சுடும். நீங்க சாப்பிடாம நிப்பீங்க. உங்க மூஞ்சியைப் பார்க்கறதுக்குக் கம்பியைக் கட்டிடறதே மேல்னு இருந்துச்சு."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மனைவி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "வீட்லயும் அப்படித்தானே."

அவருக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் பொறுமை என்று தான் பொத்திவைத்திருந்தது வேறு என்னவோ என்று புரிந்தது. இடி கோபத்தை வெளியே கொட்டிவிட்டுப் போனார். தான் அதை இவர்கள் தலையில் இறக்கிவைத்துவிட்டு நல்ல பெயரும் வாங்கிக்கொண்டோம் என்று நினைத்தபோது அந்தக் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

வேலைக்குத் திரும்பியதும் முதலில் கம்பியைச் சரிசெய்ய வைத்தார். மெக்கானிக் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடித்துவிட்டுப் போனான். பிறகு எல்லாரையும் கூப்பிட்டு, இங்கே இன்னும் என்னென்ன கெட்டுக் கிடக்கிறது, மனசு விட்டுச் சொல்லுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன் என்றார். கடைசியில், விரிப்பு மடிக்கிற மேசைக்காரி, எல்லாரிலும் மூத்தவள், மெல்ல ஆரம்பித்தாள். மூலையில் இருக்கிற உலர்த்தியின் கதவு சரியாகச் சாத்திக்கொள்வதில்லையாம். ரொம்ப நாளாக ஒரு ஸ்டூலை முட்டுக்கொடுத்துத்தான் ஓட்டுகிறார்களாம்.

தினமும் அந்த ஸ்டூலைத் தாண்டித்தான் அவர் போய்வந்தார். சொன்னது நல்லதாப் போச்சும்மா என்று சொல்லத்தான் நினைத்தார். அவள் கண்கள் மாறுவதைப் பார்த்த பிறகுதான், தன் கீழுதடு உள்ளே போயிருப்பதும், கை சட்டைக் கையை மடித்துக்கொண்டிருப்பதும் அவருக்குத் தெரிந்தது.

"பெரிசா ஒண்ணும் இல்ல சார்," என்றாள் அவள். "நாங்களே பார்த்துக்கறோம்."

மற்றவர்கள் அவரவர் இடத்துக்குக் கலைந்தார்கள். அவள் போய் அந்த ஸ்டூலை இன்னும் கொஞ்சம் இறுக்கமாகத் தள்ளி வைத்தாள்.