கரையில் கேட்கக் கூடாத கேள்வி

மருந்துக்கடையில் நின்று பிழைப்பவர்களுக்கு முதலில் தேய்வது குதிகால். அடுத்துத் தேய்வது 'ஒண்ணும் செய்யாது, பயப்படாதீங்க' என்கிற வாக்கியம். கவுண்டருக்குப் பின்னால் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் நடுவில் பி.ஃபார்ம் முடித்த கையோடு பாளையங்கோட்டையில் ஒரு கடையில் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அப்பா அம்பாசமுத்திரத்தில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். தப்பான மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடுவேனோ என்ற பயத்தில் ஒவ்வொரு அட்டையையும் டாக்டர் சீட்டோடு வைத்துத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். ஆட்கள் கவுண்டரைத் தட்டுவார்கள். நான் இன்னொரு தடவை பார்ப்பேன்.

சேவியரைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒன்று. இந்தக் கதையின் முதல் பாதி என் கண்ணால் பார்த்தது இல்லை. அவன் அம்மா கவுண்டரில் கையூன்றிக்கொண்டு சொன்னது. நடுநடுவே இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே நான் கேட்டது.

வள்ளம் இறங்கும் நேரம்

அவன் அம்மா அந்தோணியம்மாளுக்கு ஊர், ஆறு கடலில் சேரும் இடத்திலுள்ள புன்னக்காயல். அவர் கணவர், அதே ஊர் மிக்கேலுக்குச் சொந்தமான வள்ளத்தில், அதாவது மீன்பிடிப் படகில், பங்குக்குக் கடலுக்குப் போகிறவர். ஒரே மகன் சேவியர், என்னைவிட ஒரு வயது இளையவன். சின்ன வயதிலிருந்தே யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டான், ஒரே தட்டில்தான் சாப்பிடுவான், காற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். ஊர் அதற்கெல்லாம் பழகிவிட்டது. பக்கத்துத் தெரு வள்ளம் ஒன்று கவிழ்ந்து இரண்டு பேர் திரும்பாமல் போன வருஷத்தில்தான் தொல்லை தொடங்கியது. அப்பாவும் திரும்பி வரமாட்டார் என்ற எண்ணம் அவனுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. தினமும் கரைக்குப் போய், வள்ளம் கண்ணுக்கு மறையும் வரை, "அப்பா, திரும்பி வருவியளா?" என்று கேட்டுக்கொண்டே நிற்பான்.

கடலுக்குக் கிளம்புகிறவனிடம் எப்போது வருவாய், எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் போன காரியம் உருப்படாது. அந்தக் கரையில் பெண்டாட்டிகூடக் கேட்க மாட்டாள். இவன் அதையே வாய் ஓயாமல் கேட்டான். மீன்பாடு இல்லாத நாளெல்லாம் பழி இவன்மேல் விழுந்தது. கடைசியில் கூட வரும் ஆட்கள் வள்ளத்தில் ஏறமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். மிக்கேல் கெட்ட மனுஷர் இல்லை என்று அந்தோணியம்மாளே சொன்னார். அவர் சேவியரின் அப்பாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஒம்ம மவன் வாய் அடங்குத வரைக்கும் நீரு கரையிலயே இரும் வே. ஈஸ்டர் வரைக்கும் ஒம்ம எடத்தச் சும்மா வச்சிருக்கேன், அதுக்கு மேல என்னால ஆவாது."

காய்ச்சல் மருந்து இல்லை

அப்போது கிறிஸ்துமஸ் முடிந்து பொங்கல் நெருங்கியிருந்தது. எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி, வெளியூரில் படித்துவிட்டு வந்த மனநல டாக்டரம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். சேவியர் பிறவியிலேயே இப்படி, இதற்கு ஆட்டிசம் என்று பெயர், அதன்மேல் இந்த எண்ணச்சுழல் ஒரு நோயாக வந்திருக்கிறது என்று அவர் பிரித்துச் சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தையை நான் கல்லூரியில் ஒரு வரியில் படித்திருந்தேன். சீட்டில் இருந்தது ஃபுளூவாக்செட்டின், மிகக் குறைந்த அளவு. எங்களிடம் இருப்பு இல்லை. மதுரையிலிருந்து வரவழைத்தோம்.

உறையில் அச்சடித்திருந்ததைப் படித்துவிட்டு, பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், இது மனச்சோர்வுக்கான மருந்தாயிற்றே என்று கிளப்பிவிட்டார். அதற்கும் கொடுப்பார்கள், விடாத எண்ணங்களுக்கும் கொடுப்பார்கள் என்று சொன்னேன். எத்தனை நாளில் கேட்கும் என்று அந்தோணியம்மாள் கேட்டார். என் வாய் வரைக்கும் வழக்கமான வாக்கியம் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, இரண்டு மாதம்கூட ஆகலாம், சிலருக்குக் கேட்காமலும் போகலாம், டாக்டரைக் கேட்காமல் நடுவில் நிறுத்தக் கூடாது என்று உள்ளதைச் சொன்னேன். அவர் மருந்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: "மருந்து பைய வரும், ஈஸ்டரு பைய வருமாம்மா?"

கண்டிப்பா வருவாங்க

அடுத்த தடவை சேவியரும் வந்தான். நல்ல உயரம். என்னைப் பார்க்காமல் எடை இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு, "இத முழுங்குனா, அப்பா கடலுக்குப் போனாலும் திரும்பி வருவாவளா அக்கா?" என்று கேட்டான். கண்டிப்பா வருவாங்க என்றேன். அவன் தோள் இறங்கியது. எனக்கும் பெருமையாக இருந்தது. ஒரு நிமிஷம் கழித்து மறுபடி கேட்டான். மறுபடி சொன்னேன். ஊருக்குப் போகிற ஏரல் பஸ் வந்து அம்மா இழுத்துக்கொண்டு போகும் வரை அவன் கேட்க, நான் சொல்ல, எங்கள் இருவருக்கும் அதுதான் வேலை.

டாக்டரம்மா விஷயத்தைக் கேள்விப்பட்டு ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: பதில் சொன்னால் அந்த நேரத்துக்கு எண்ணம் அடங்கும், பிறகு இன்னும் பசியோடு வரும்; மருந்து ஒரு பக்கம் வேலை செய்யும்போது நாம் மறுபக்கம் தீனி போடக் கூடாது; கேட்டால் 'தெரியாது' என்று ஒரே தடவை சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட வேண்டும். வீட்டுக்கும் அதுதான் கட்டளை. வருவார் என்று நான் சொன்னதும் பொய்தான், கடலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? இதை நான் கடையில் வருத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது கல்லாவிலிருந்து முதலாளி அண்ணாச்சி நிமிராமலே சொன்னார்: "நீ கடையப் பூட்டிட்டு, பாதி வழில இருந்து திரும்பி வந்து பூட்ட இழுத்துப் பாக்கியேம்மா, அதுக்கும் அந்த மாத்திரைல ஒண்ணு முழுங்கலாம்லா."

வெயில் ஏறுற வரைக்கும் உறங்க

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கிய பிறகு சேவியரின் பெரியப்பா தனியாக வந்தார். சேவியரின் அப்பாவான தன் தம்பி இப்போது கூலிக்கு வலை பின்னிக்கொண்டிருக்கிறான், வீட்டில் உலை வைப்பதே பெரும்பாடு என்றார். அப்பா கரையில் இருந்தும் கேள்வி நிற்கவில்லையாம். நாளைக்குப் போனால் திரும்பி வருவீர்களா என்று சோற்றுத் தட்டின் முன்னால் கேட்கிறானாம். பெரியப்பாவிடம் ஒரு யோசனை இருந்தது. பையன் வெயில் ஏறும் வரை எழுந்திருக்காதபடி தூக்க மாத்திரை ஒன்று கொடுத்தால் போதும், தம்பி வள்ளத்தில் ஏறிவிடுவான்.

சீட்டு இல்லாமல் தர முடியாது என்றேன். சட்டம் மட்டும் காரணம் இல்லை. ஏற்கெனவே ஒரு மருந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும் ஆளுக்கு, அவனுக்குத் தெரியாமல் இன்னொன்றைக் கலந்து கொடுக்க நான் துணை போக முடியாது. டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று கையைக் காட்டினேன். அவர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி நிமிராமல் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார், அதுவே எனக்குப் பெரிய உதவி. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்: "படிச்ச பிள்ளைட்ட ஒரு மாத்திரை கேட்டா ஒம்பது நியாயம் சொல்லுது. எங்க ஊரு பொட்டிக்கடைக்காரன் எவ்வளவோ தேவல."

காலில் வந்தது

பெரியப்பாவைக் குறை சொல்ல முடியாது. அந்த மாதம் டாக்டரம்மா அளவைக் கொஞ்சம் கூட்டியிருந்தார். கூட்டியதும் சேவியருக்கு உறக்கம் போயிற்று. முற்றத்திலேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தான். தட்டைத் தூக்கிப் போட்டான். அந்தோணியம்மாள் பயந்துபோய், அவனையும் கூட்டிக்கொண்டு, மருந்தையே நிறுத்திவிடலாமா என்று என்னிடம் கேட்க வந்தார். எனக்கும் பயம்தான். இதை முடிவு செய்ய வேண்டியது நானும் இல்லை, நீங்களும் இல்லை என்று அப்போதே இருவரையும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இப்படிப் பிறந்தவர்களில் சிலருக்கு இந்த மருந்து சின்ன அளவிலேயே படபடப்பைக் கொடுத்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லி, பழைய அளவுக்கே இறக்கினார்.

புது சீட்டோடு கடைக்குத் திரும்பியபோதும் சேவியர் நிலையாக நிற்கவில்லை. உனக்கு என்ன செய்கிறது என்று அதுவரை யாரும் அவனிடம் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்டேன். எடை இயந்திரத்திடம் சொன்னான்: "முன்னால எண்ணம் தலையில மட்டும் இருந்துச்சு. இப்பம் கால்லயும் வந்துட்டு."

வருது, நிக்குது

பழைய அளவில் எண்ணம் மெதுவாகத்தான் இறங்கியது. முதலில் சோற்றுத் தட்டின் முன்னால் கேள்வி நின்றது. பிறகு காலையில் கேட்டால் மதியம் வரை கேட்காமல் இருந்தான். அப்பாவோடு உட்கார்ந்து வலை பின்னக் கற்றுக்கொண்டான். ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு முடிந்த வாரத்தில் மிக்கேல் வீட்டுக்கே வந்து, சேவியரின் அப்பாவை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாம் என்றாராம். அன்று சேவியர் கரையில் நின்றான், வாயைத் திறக்கவில்லை. அப்பாவுக்கு வள்ளத்தில் பழைய இடம் கிடைத்துவிட்டது.

எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அதே மருந்தை மாதக்கணக்கில் வாங்கிய இன்னொரு குடும்பத்துக்கு ஒரு பயனும் இல்லை. சேவியரும் இன்னும் ஒரே தட்டில்தான் சாப்பிட்டான், முகம் பார்க்கவில்லை, காற்றைப் பற்றிப் பேசினால் நிறுத்தவில்லை. பெரியப்பாவுக்கு அது குறைதான். அதற்கா மருந்து கேட்டோம், அது அவன் பிறந்த விதம்தானே என்று அந்தோணியம்மாள் அவர் வாயை அடைத்துவிட்டார். எண்ணம் போய்விட்டதா என்று சேவியரிடமே கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னான்: "போவல அக்கா. வருது. வந்து பக்கத்துல நிக்குது. நான் வலைல முடிச்சுப் போடுதேன்."

படித்த பிள்ளை கேட்டது

ஈஸ்டர் கழிந்து ஒரு நாள், வந்து ஒரு வாய் சோறு தின்றுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அந்தோணியம்மாள் பிடிவாதமாகக் கூப்பிட்டார். முதல் பஸ் பிடித்துப் போனேன். நான் ஆற்று முகத்துவாரத்தை அதுவரை பார்த்ததில்லை. காற்று அடங்கட்டும் என்று வள்ளங்கள் காத்திருந்ததால், வெயில் ஏறிய பிறகுதான் இறக்கினார்கள். சேவியரின் அப்பா என்னிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். என்னைவிட இரண்டு மடங்கு வயது. எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் வள்ளத்தில் ஏறும்போது மரியாதைக்கு எதையாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தேன். "எப்ப திரும்பி வருவீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

மிக்கேல் துடுப்பைக் கீழே வைத்தார். அந்தோணியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அந்தக் கரையில் இந்தக் கதையை முழுக்க அறிந்த ஒரே வெளியூர் ஆள் நான். சேவியர் என் பக்கமாக இரண்டடி வந்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்: "அதக் கேக்கக் கூடாது அக்கா. கேக்கணும்னு வரும். வந்தா நிக்கட்டும். நீங்க வேற எதயாவது பாருங்க."

முதலில் சிரித்தவர் மிக்கேல்தான், வள்ளம் கிளம்பியது, நான் வேறு எதையும் பார்க்காமல் சோற்றையும் திரும்ப வேண்டிய பஸ்ஸையும் விட்டுவிட்டு அந்தக் கரையிலேயே சாயங்காலம் வரை நின்று, அது திரும்பி வந்ததையும் சேவியரின் அப்பா அதிலிருந்து இறங்கியதையும் என் கண்ணாலேயே சரிபார்த்துக்கொண்ட பிறகுதான் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.